ஒரு நாவும் இரண்டு அவைகளும்

நாவினால் வாழ்பவர் உலகில் பலர். வழக்கறிஞர் வாதாடி வாழ்கிறார். ஆசிரியர் கற்பித்து வாழ்கிறார். வணிகர் தம் சரக்கின் சிறப்பைச் சொல்லி வாழ்கிறார். இவர்களை உலகம் பழிப்பதில்லை. வழக்கறிஞர் எவர் பொருட்டுப் பேசுகிறார் என்பதை நீதிபதி அறிவார்; வணிகர் தம் சரக்கைத் தாமே குறைத்துப் பேசமாட்டார் என்பதை வாங்க வருபவர் அறிவார். அறிந்தே கேட்பதால், அவர்தம் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பளிக்க வேண்டுமோ அவ்வளவே அளித்து எஞ்சியதைத் தள்ளிவிடுகின்றனர். ஆகவே கூலி பெற்றுப் பேசுதல் தன்னளவில் இழிதொழில் ஆகாது.

ஆயினும், மக்களாட்சி நாடுகளில் வளர்ந்துள்ள ஒரு வாழ்க்கைமுறை இந்த எளிய கணக்கிற்குள் அடங்க மறுக்கிறது. அரசுத் தொடர்பு ஆலோசகர் என்பது அத்தொழிலினர்க்கு இன்று வழங்கும் பெயர். ஒரு நிறுவனத்திற்குச் சட்டத்தில் ஒரு சொல் மாறவேண்டும். ஒரு வரி குறையவேண்டும். ஓர் ஒப்பந்தம் கைகூடவேண்டும். எந்த அதிகாரி வரைவை எழுதுகிறார், எந்தக் குழு அதனை ஆராய்கிறது, எந்த வேளையில் எவரைக் கண்டால் காரியம் நடக்கும் என்பவற்றை ஆலோசகர் அறிவார். அந்த அறிவுக்கும் அறிமுகத்திற்கும் அவர் கட்டணம் பெறுகிறார்.

அவரே மாலையில் வானொலியிலோ தொலைக்காட்சியிலோ அரசியல் விமரிசகராகத் தோன்றுகிறார். நாளிதழில் வாரந்தோறும் பத்தி எழுதுகிறார். இத்தகையோரின் வாழ்க்கை பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்வதைக் காணலாம். இளமையில் தேர்தல் பணி. பின்னர் ஓர் அமைச்சரின் அல்லது உறுப்பினரின் அலுவலகத்தில் உதவியாளர் பதவி. பதவி முடிந்தபின் சொந்த ஆலோசனை நிறுவனம். அதன்பின் ஊடக அழைப்பு. உள்ளிருந்தவர் என்பதால் ஊடகம் அழைக்கிறது. ஊடகத்தில் தோன்றுபவர் என்பதால் கட்சிக்காரர் நாடி வருகின்றனர். ஒரு தொழில் மற்றொன்றுக்கு உரமாகிறது. காலையில் ஆள்வோர் அவையில் ஒருவருக்காகப் பேசிய நாவு, மாலையில் மக்கள் அவையில் எல்லாருக்காகவும் பேசுவதாகச் சொல்கிறது. ஒரு நாவு இவ்விரண்டு அவைகளுக்கும் உண்மையாய் இருத்தல் கூடுமா? அதுவே ஈண்டு ஆராயத்தக்க வினா.

மனுவும் செல்வாக்கும்

இவ்வினா புதியதன்று. அமெரிக்க வரலாற்றில் இதற்குப் பொருத்தமான ஒரு நிகழ்ச்சி உண்டு. நிக்கோலஸ் டிரிஸ்ட் என்பார் மெக்சிகோவுடன் சமாதானம் பேச அனுப்பப்பட்ட தூதர். 1847ஆம் ஆண்டில் அதிபர் போல்க் அவரைத் திரும்ப அழைத்தார். டிரிஸ்ட் அந்த ஆணைக்குப் பணியாமல் அங்கேயே தங்கிப் பேச்சை முடித்தார். 1848 பிப்ரவரி 2ஆம் நாள் குவாதலூப்பே இடால்கோ உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நாட்டுக்குப் பெருநிலம் கிடைத்தது. தூதருக்கோ பதவி போயிற்று. திரும்ப அழைக்கப்பட்ட பின் அவர் ஆற்றிய பணிக்கு ஊதியமும் மறுக்கப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் அதற்காகக் காத்திருந்தார்.

இறுதியில் சைல்டு என்னும் வழக்கறிஞரை அவர் நாடினார். காங்கிரஸ் சபை எவ்வளவு தொகை அளித்தாலும் அதில் நான்கில் ஒரு பங்கு சைல்டுக்கு என்பது உடன்பாடு. வழக்கறிஞரும் அவர் மறைந்தபின் அவர்தம் மகனும் உறுப்பினர் பலரைக் கண்டு பேசினர். 1871ஆம் ஆண்டில் காங்கிரஸ் 14,559 டாலர் வழங்கியது. தொகை வந்ததும் டிரிஸ்ட் பங்கு தர மறுத்துவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த உடன்பாடு பொதுநலனுக்கு முரணானது, ஆதலால் செல்லாது என்பது தீர்ப்பு.

அத்தீர்ப்பு வகுத்த எல்லைக்கோடு இன்றும் சிந்தனைக்குரியது. மனு வரைதல், சான்று திரட்டுதல், வாதங்களை எழுதிக் குழுவின்முன் வைத்தல் ஆகியன தகுந்த பணிகள். அவற்றிற்குக் கூலி பெறுதல் முறையே என்றது நீதிமன்றம். சட்டம் செய்வோரைத் தனித்தனியே அணுகித் தம் செல்வாக்கால் வளைக்கும் பணியை விற்கவும் வாங்கவும் கூடாது என்றது. அறிவை விற்கலாம், நெருக்கத்தை விற்கலாகாது என்று அதனைச் சுருக்கிக் கூறலாம்.

கோடு தெளிவாயிருந்தும் உலகம் அதன்மேல் நிற்கவில்லை. குறை தீர்க்குமாறு அரசிடம் முறையிடும் உரிமையை 1791ஆம் ஆண்டின் முதல் திருத்தமே அமெரிக்கர்க்கு உறுதி செய்திருந்தது. முறையிடும் உரிமை உண்டு என்றால், முறையிடத் தெரிந்தவரின் துணையை நாடும் உரிமையும் உண்டன்றோ? டிரிஸ்ட் போன்ற நேர்மையான உரிமையாளரே இருபது ஆண்டுகள் காத்திருந்தும் பயன் காணாது, வழி அறிந்த ஒருவர் வந்தபின்னரே பயன் கண்டார். எனவே தொழிலை ஒழிக்க முயலாமல் வெளிப்படுத்த முயன்றனர். 1946ஆம் ஆண்டிலும், அதனினும் விரிவாக 1995ஆம் ஆண்டிலும், ஆதரவு தேடும் தொழிலினர் தம் பெயரையும் கட்சிக்காரர் பெயரையும் பதிய வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் இயற்றியது. கனடாவில் 1989ஆம் ஆண்டு அத்தகைய பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆள்வோரின் கதவை எவருடைய பணத்தில் எவர் தட்டுகிறார் என்பதை அப்பதிவேடுகள் ஓரளவு காட்டும். மக்களின் செவிக்கதவை அவரே தட்டும்போது எவருடைய பணத்தில் தட்டுகிறார் என்பதைக் காட்டுவது அவற்றின் நோக்கமன்று.

நம்பியதைச் சொல்வதற்குக் கூலி

2005ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அமெரிக்காவில் வெளியான ஒரு செய்தி இந்த இடைவெளியை எல்லார்க்கும் காட்டிற்று. ஆம்ஸ்ட்ராங் வில்லியம்ஸ் என்பார் நன்கு அறியப்பட்ட அரசியல் விமரிசகர். நாளிதழ்களில் பத்தி எழுதினார். தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தினார். மக்கள் தொடர்பு நிறுவனம் ஒன்றும் அவருக்கு இருந்தது. எந்தக் குழந்தையும் பின்தங்கக்கூடாது என்னும் பெயர் கொண்ட பள்ளிச் சட்டத்தைப் பற்றித் தம் நிகழ்ச்சிகளில் விளம்பரம் செய்யவும், அதைப் பற்றி அடிக்கடி பேசவும், கல்வி அமைச்சரைப் பேட்டி காணவும், அந்நாட்டுக் கல்வித் துறை ஒரு விளம்பர நிறுவனத்தின் வழியாக அவருக்கு 240,000 டாலர் அளிக்க ஒப்பந்தம் செய்திருந்தது. அவர் பேச்சைக் கேட்டவர்களுக்கு அது தெரியாது. செய்தி வெளியானதும் அவருடைய பத்தியை இதழ்களுக்கு வழங்கிவந்த நிறுவனம் அதனை நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில், அரசின் செலவுகளை ஆராயும் காங்கிரஸின் தணிக்கை அமைப்பு, அது மறைமுகப் பரப்புரை, சட்டத்திற்குப் புறம்பானது என்று முடிவு கூறியது.

வில்லியம்ஸ் தாம் செய்தது சரியான முடிவன்று என வருத்தம் தெரிவித்தார். எனினும் அவர் தம் பக்கத்தில் கூறிய ஒரு காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அந்தச் சட்டத்தைத் தாம் உண்மையாகவே நம்பியதாக அவர் சொன்னார். அவ்வாறாயின் அவர் பொய் எங்கே சொன்னார்? கூலி கிடைக்காவிடினும் அதையேதான் சொல்லியிருப்பார். நம்பியதைச் சொன்னார், சொன்னதற்குப் பணமும் வந்தது. கோயிலில் பாடுபவர் இறைவனை நம்பியே பாடுகிறார். பாடியதற்குச் சன்மானமும் பெறுகிறார். அதிலும் இதிலும் வேறுபாடு யாது?

வேறுபாடு நாளையில் இருக்கிறது. இன்று ஒரு சட்டத்தை நல்லது என்று நம்புபவர், ஆறு திங்கள் கழித்து அதன் தீய விளைவுகளைக் காணக்கூடும். ஒரு பள்ளி மூடப்படுவதைக் காணலாம். ஓர் ஆசிரியரின் முறையீட்டைக் கேட்கலாம். அப்போது, நேற்று சொன்னது தவறு என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். மக்கள் விமரிசகரிடம் எதிர்பார்ப்பது இவ்வுரிமையையே. அவருடைய கருத்து அவர்களுக்குப் பெரிதன்று; கருத்து யார்க்கும் உண்டு. தக்க காரணம் கண்டால் கருத்தை மாற்றிக்கொள்ளும் விடுதலையோடு ஒருவர் தங்களுக்காக நாட்டு நடப்பைக் கண்காணிக்கிறார் என்பதே அவர்கள் அவர்மேல் வைக்கும் நம்பிக்கை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் இந்த விடுதலையைக் கொடுத்துவிட்டார். இன்றைய நம்பிக்கையை அவர் விற்கவில்லை என்றே கொள்வோம். நாளை தோன்றக்கூடிய ஐயத்தை முன்பணம் பெற்று விற்றுவிட்டார். வாங்கியவர் அதற்காகவே பணம் தந்தார்; நம்புகிறவர் எப்படியும் நம்புவார் என்றால் கூலி எதற்கு?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அந்நிகழ்ச்சியைப் பார்த்த ஒரு தாயை நினைத்துப் பார்த்தால் இழப்பு விளங்கும். அவர் சட்டம் படித்தவர் அல்லர். தம் பிள்ளையின் பள்ளிக்கு நேரப்போவது நன்மையா தீமையா என்பதைத் தம்மினும் அறிந்த ஒருவர் நடுநின்று சொல்வதாக எண்ணிக் கேட்கிறார். அவர் கேட்டது ஒரு விளம்பரம். அதற்கான பணமோ அவர் கட்டிய வரியிலிருந்தே சென்றது.

பணமில்லாக் கூலி

பணம் வாங்கியதே குற்றம் என்று இத்துடன் முடித்துவிடலாம் எனத் தோன்றும். ஆனால் பணம் கைமாறாமலே இதே பிழை நிகழ்ந்ததற்குச் சான்றுகள் உள்ளன. 1980ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் ரீகனும் அதிபர் கார்ட்டரும் தேர்தல் விவாதத்தில் மோதினர். அதற்குமுன் ரீகன் ஒத்திகை பார்த்தபோது அவருக்குத் துணை நின்றவர்களுள் பத்தி எழுத்தாளர் ஜார்ஜ் வில்லும் ஒருவர். விவாதம் முடிந்ததும் அவரே தொலைக்காட்சியில் தோன்றி ரீகனின் திறனைப் பாராட்டினார். 1983ஆம் ஆண்டில்தான் ஒத்திகைச் செய்தி பரவலாக வெளிப்பட்டுக் கண்டனத்திற்கு ஆளாயிற்று. அவர் கூலி பெற்றதாக எவரும் சொல்லவில்லை. தாம் பயிற்றுவித்த குதிரைக்குத் தாமே நடுவராய் இருந்து பரிசளித்ததே பிழை.

இவ்வினாவை வாழ்நாள் முழுதும் சுமந்து திரிந்த ஒருவரைப் பற்றி ஈண்டு விரிவாக நோக்குதல் தகும். வால்ட்டர் லிப்மன் 1889ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது அதிபர் வில்சனின் பதினான்கு அம்சத் திட்டத்தை உருவாக்க உழைத்த ஆய்வுக்குழுவில் பணியாற்றினார். 1922ஆம் ஆண்டில் பொதுமக்கள் கருத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றளவும் பயிலப்படுகிறது. உலகம் மிகப் பெரியது; எந்தக் குடிமகனும் அதனை நேரே காண இயலாது; தன் மனத்தில் பிறர் வரைந்த படங்களைக் கொண்டே அவன் முடிவு செய்கிறான் என்பது அந்நூலின் மையக் கருத்து. 1931ஆம் ஆண்டு முதல் அவர் எழுதிய பத்தி நாடெங்கும் பல நாளிதழ்களில் வெளிவந்தது. அதிபர்களும் அமைச்சர்களும் தூதர்களும் அதனைப் படித்தனர். அவரை அழைத்தும் பேசினர்.

அவர் செல்வாக்கை விற்றவர் அல்லர். ஆயினும் நெருக்கம் அவரிடமும் தன் விலையைக் கேட்டது. 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் மேற்குக் கரைக்குச் சென்றார். அங்குப் படைத் தலைவர் டிவிட்டையும் கலிபோர்னிய அரசு வழக்கறிஞர் வாரனையும் கண்டு பேசினார். பிப்ரவரி 12ஆம் நாள் அவருடைய பத்தி வெளிவந்தது. ஜப்பானிய வம்சாவளியினர் நாசவேலை எதுவும் செய்யாமல் இருப்பதே அவர்கள் பெரிய தாக்குதலுக்குக் காத்திருப்பதன் அறிகுறி என்று அதிகாரிகள் கூறிய வாதத்தை அவரும் ஏற்று எழுதினார். ஒரு வாரத்தில், 19ஆம் நாள், அதிபர் ரூஸ்வெல்ட் ஆணையிட்டார். ஏறத்தாழ 120,000 பேர் வீடு வாசல் விட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் அமெரிக்கக் குடிமக்கள். அவர்கள் நாசவேலை செய்ததற்குச் சான்று இல்லை. 1988ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர் ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் ஈடு வழங்கச் சட்டம் செய்தது.

அவ்வாணைக்கு ஒரு பத்தியே காரணம் எனல் மிகை. ஆயினும் சிந்திக்கத்தக்கது வேறொன்று. மக்கள் பிறர் வரைந்த படங்களை நம்பி ஏமாறுவர் என்று நூல் எழுதிய அறிஞரே, அதிகாரிகள் அறையில் அமர்ந்து அவர்கள் வரைந்து காட்டிய படத்தை நம்பிவிட்டார். அவருக்கு எவரும் காசு தரவில்லை. பிறர் அறியாததைத் தாம் அறிகிறோம் என்னும் நிறைவே அவர் பெற்ற கூலி. பெரிய மனிதரின் அறைக்குள் நுழைந்தவர்க்கு அந்த அறையின் சாளரமே உலகமாகிவிடுகிறது. வெளியே நிற்பவரின் முகம் அச்சாளரத்தில் தெரிவதில்லை. அன்று முகாமுக்குச் சென்ற குடும்பங்களுள் ஒன்றையேனும் அவர் அதே பொறுமையோடு இருந்து கேட்டிருந்தால் அந்தப் பத்தி வேறாக இருந்திருக்கக்கூடும்.

ஒரு முதியவர் செலுத்திய விலை

லிப்மனின் வாழ்க்கை அத்துடன் முடிந்திருந்தால் அது எச்சரிக்கையாக மட்டும் நின்றிருக்கும். 1964ஆம் ஆண்டு அதிபர் ஜான்சன் அவருக்கு நாட்டின் உயரிய விருதாகிய சுதந்திரப் பதக்கத்தை அளித்தார். 1965 ஏப்ரலில், வியட்நாம் பற்றித் தாம் ஆற்றவிருந்த உரையின் வரைவை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்து அவருக்குக் காட்டினார். மறுநாள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அவ்வுரை நிகழ்ந்தது. சமாதானப் பேச்சுக்கு அதிபர் ஆயத்தமாக இருப்பதாக அவ்வுரை கூறிற்று. அதே ஆண்டு சூலை 28ஆம் நாள், வியட்நாமில் உள்ள அமெரிக்கப் படையை 125,000 பேராக உயர்த்துவதாக ஜான்சன் அறிவித்தார்.

தம்மைக் கலந்து பேசியது தம் அறிவுரையை வேண்டியன்று, தம் பேனாவை அடக்குவதற்கே என்பதை எழுபத்தைந்து வயது முதியவர் உணர்ந்தார். அதன்பின் அவர் எழுதிய பத்திகள் போருக்கு எதிராக ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. வெள்ளை மாளிகையின் கதவு அடைபட்டது. அதிபர் விருந்தினர் முன்னிலையில் அவரை ஏளனம் செய்தார். தலைநகரின் பழைய நண்பர் பலர் விலகினர். 1967ஆம் ஆண்டில் தொடர்ந்து எழுதி வந்த பத்தியை நிறுத்திக்கொண்டு, பல்லாண்டு வாழ்ந்த வாஷிங்டனை விட்டு நியூயார்க் சென்றார். 1974ஆம் ஆண்டில் மறைந்தார்.

1942ஆம் ஆண்டின் லிப்மனும் 1965ஆம் ஆண்டின் லிப்மனும் ஒருவரே. அறிவு கூடவில்லை, குறையவும் இல்லை. முன்னதில் நெருக்கம் உண்மையை வென்றது. பின்னதில் உண்மைக்காக அவர் நெருக்கத்தை இழந்தார். இழக்க முடிந்ததற்குக் காரணமும் உண்டு. அவர் வேண்டியது நட்பும் மதிப்புமே. வயிற்றுப் பிழைப்பு அந்த வாசலில் இல்லை. கட்சிக்காரர் எவரும் அவருக்கு இல்லை. ஜான்சனைப் பகைத்ததால் மூடவேண்டிய அலுவலகம் இல்லை. சம்பளம் இழக்கும் ஊழியர் இல்லை.

ஆலோசகரும் விமரிசகருமாக ஒருங்கே வாழ்பவரின் நிலையை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். அமைச்சரைக் கண்டித்து அவர் ஒரு வரி எழுதினால், மறுநாள் அமைச்சரின் கதவு திறக்காது. கதவு திறக்காவிடில் கட்சிக்காரர் வேறோர் ஆலோசகரை நாடுவர். வாடகையும் ஊழியர் சம்பளமும் பிள்ளைகளின் படிப்பும் அந்த ஒரு வரியில் தொங்குகின்றன. அவர் தீயவராய் இருக்க வேண்டியதில்லை. குடும்பத்தை நேசிக்கும் நல்லவராய் இருந்தாலே போதும், அந்த வரி எழுதப்படாமற் போவதற்கு. எழுதாத வரியை எவரும் படிக்க இயலாது. ஆகவே அதனைக் குற்றம் என்று எடுத்துக்காட்டவும் இயலாது. நாளடைவில் அவர்க்கே அது தோன்றாமல் மறைந்துவிடும். தாம் எதையும் மறைக்கவில்லை என்று அவர் நெஞ்சாரச் சொல்வார். சொல்வதும் உண்மையாகவே இருக்கும். உண்மைக்காக ஒவ்வொரு நாளும் தியாகம் செய்தால்தான் நேர்மையாய் வாழ முடியும் என்ற நிலையில் ஒருவர் தம்மைத் தாமே நிறுத்திக்கொள்வது அறமாகாது. எப்போதோ ஒருமுறை வீரம் காட்டுவோர் உண்டு. நாள்தோறும் காட்டுவோர் அரியர்.

அறிவித்தால் போதுமா?

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு, அது வலிமையுடையது. அதிகாரத்தின் அருகே சென்றறியாதவர் அதைப் பற்றி என்ன சொல்ல முடியும்? சமையலறைக்குள் செல்லாதவர் சுவையைச் சொல்லலாம். உணவில் கலந்தது யாது எனச் சொல்ல இயலாது. சட்டம் எப்படிப் பிறக்கிறது என்பதை உள்ளிருந்து கண்டவரே நன்கு விளக்குவார். அவரை விலக்கிவிட்டால் எஞ்சுவது வெளியே நின்று ஊகிப்போரின் இரைச்சலே.

இது மெய்யே. தமிழ் மரபும் இதனை மறுக்கவில்லை. தூது என்னும் அதிகாரத்தையும் மன்னரைச் சேர்ந்தொழுகல் என்னும் அதிகாரத்தையும் வள்ளுவர் வகுத்தார். ஆள்வோரிடம் அணுகிப் பேசும் கலையை அவர் இழிவெனக் கருதவில்லை. ஆனால் அவற்றைப் பொருட்பாலில் வைத்தார். நடுவுநிலைமையை அறத்துப்பாலில் வைத்தார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் புலவர்; சொல்லாற்றலால் வாழ்ந்தவர். ஆயினும் அந்த அவையில் அவர் எவருடைய தூதராக நிற்கிறார் என்பதில் தொண்டைமானுக்கு மயக்கம் இருந்திருக்காது. தூதர் தூதராகவே பேசினார். இரு மன்னர்க்கும் பொதுவான நடுவராகத் தம்மைக் காட்டிக்கொள்ளவில்லை.

அவ்வாறாயின், எவருக்காக உழைக்கிறேன் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் பேசினால் போதுமன்றோ என்று கேட்கலாம். சொல்வது முதற்கடமை, அதில் ஐயமில்லை. எனினும் அது போதாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஈராக் போர்க்காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஓய்வுபெற்ற படைத் தலைவர்கள் பலர் ஆய்வாளராகத் தோன்றினர். அவர்களுள் பலர் போர்த்தளவாட ஒப்பந்தம் நாடிய நிறுவனங்களோடு தொடர்புடையோர் என்பதையும், பாதுகாப்புத் துறை அவர்களைத் தனியே அழைத்து விளக்கம் அளித்து வந்ததையும் 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. திரையில் அவர்கள் பெயரோடு படைப் பதவி காட்டப்பட்டது, அதுவும் உண்மையே. ஓர் உண்மை மற்றோர் உண்மைக்குத் திரையாக நின்றது. நிறுவனத்தின் பெயரையும் சேர்த்தே காட்டியிருந்தாலும், அவர் சொல்வதில் எத்தனை பங்கைத் தள்ளிக் கேட்க வேண்டும் என்பதைப் பார்ப்பவர் எவ்வாறு கணக்கிடுவார்? வணிகரின் பேச்சில் சரக்கு கண்முன் இருக்கிறது, தொட்டுப் பார்க்கலாம். தொலைநாட்டுப் போரைத் தொட்டுப் பார்க்க இயலாது. வெறும் அறிவிப்பு, பேசுபவர் தோளிலிருந்த சுமையைக் கேட்பவர் தோளுக்கு மாற்றிவிடுகிறது.

ஆகவே அறிவித்தலுக்கு மேல் விலகுதலும் வேண்டும். தம் கட்சிக்காரரின் நலன் தொடும் பொருள் அவைக்கு வரும்போது, அதைப் பற்றி விமரிசகர் இருக்கையில் அமர்ந்து பேசாதிருத்தலே முறை. வாதியின் உறவினரான நீதிபதி, உறவை அறிவித்துவிட்டு வழக்கை விசாரிப்பதில்லை; எழுந்து செல்கிறார். அவர்மேல் ஐயம் கொண்டதால் அவர் எழவில்லை. தம் மனத்தைத் தாமே முழுதும் அறிய முடியாது என்னும் அடக்கத்தால் எழுகிறார். ஆலோசகர் ஆலோசகராகவே வந்து, இன்னார்க்காக வாதிடுகிறேன் என்று பேசட்டும். எதிர்த்தரப்பும் அருகிருந்து பேசட்டும். அப்போது அவருடைய உள்ளறிவு மக்களுக்கு இழப்பாகாது. தொழிலை விட்டு விலகியவர் விமரிசகராக வரட்டும். உள்ளே கண்டதை எடுத்துரைக்கட்டும். ஒரே பொருளில் ஒரே காலத்தில் வாதியும் நடுவருமாக இருப்பதொன்றே விலக்கத்தக்கது.

இதனால் வருவாய் குறையும் என்பதில் ஐயமில்லை. இரு தொழிலும் ஒன்றையொன்று வளர்ப்பதாலேயே இருவகைப் பயனும் வருகின்றன. ஒன்றை விடுபவர் மற்றொன்றிலும் சிறிது இழப்பார். அழைப்பிதழ்கள் குறையும், அமைச்சர்கள் பெயர் சொல்லி அழைப்பது நிற்கும். இழப்பே இல்லாமல் நடுநிலை பெறலாம் என்று எவரேனும் சொன்னால் அது நம்பத்தக்கதன்று.

கேட்போர்க்கும் ஒரு கடமை உண்டு. திரையில் தெளிவாகப் பேசுபவரைக் கண்டதும், இவர் சொல்வது சரியா என்று கேட்பதற்கு முன்னர், இவர் தம் கருத்தை நாளை மாற்றிக்கொண்டால் எதை இழப்பார் என்று கேட்டுப் பார்த்தல் நலம். எதையும் இழக்கமாட்டார் என்றால் அவர் சொல்லை எடைபோட்டு ஏற்கலாம். எல்லாவற்றையும் இழப்பார் என்றால் அவர் எவ்வளவு அறிந்தவராயினும் அவரை வாதியாகவே கொண்டு கேட்க வேண்டும். இழப்பார் எனத் தெரிந்தும் மாற்றிச் சொன்னவர் என்றால், அந்தச் சொல்லைப் பொருட்படுத்திக் கேட்டல் தகும்.

வாஷிங்டனை விட்டு வெளியேறியபோது லிப்மனுக்கு எழுபத்தேழு வயது. அரை நூற்றாண்டாகத் தேடிச் சேர்த்த நெருக்கங்கள் அனைத்தையும் அவர் அங்கேயே விட்டுச் சென்றார். ஆள்வோர் அவையில் அவருக்கு இருந்த இடம் போயிற்று. மக்கள் அவையில் இருந்த இடம் போகவில்லை.